குருவி என்ன தின்றது? எச்சத்தைக் கேளுங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கப் போகும் இடத்திலும் பள்ளிகளில் பேசப் போகும்போதும் என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. பறவையின் உணவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆரம்பித்தால் பேச்சு எப்படியும் எச்சத்தில் வந்து நின்றுவிடும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் காலி செய்துவிட்டு வரலாம்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பாவின் பட்டாணிக்குருவிகளைப் பற்றியவை. மரப்பெட்டி மாட்டினால் அதில் கூடு கட்டிக்கொள்ளும் பறவை அது. அதனால் இத்தனை ஆண்டு இத்தனை நெருக்கமாகப் பார்க்கப்பட்ட சின்னப் பறவைகள் உலகத்தில் குறைவு. நம்மூர் மலைகளிலும் தோப்புகளிலும் திரிகிற சாம்பல் நிறப் பட்டாணிக்குருவி அதன் நெருங்கிய சொந்தம்தான்.

முதலில், பாடும் பறவை என்றால் எது? குயில்தானே?

குயில் இல்லை. பறவையியலில் பாடும் பறவைகள் என்பது ஒரு தனிக் கிளை. குரல் உறுப்பின் தசைகள் சிக்கலாக அமைந்தவை அந்தக் கிளையில் வரும். சிட்டுக்குருவி, தேன்சிட்டு, மைனா, கொண்டைக்குருவி, பட்டாணிக்குருவி எல்லாம் உண்டு. காகமும் உண்டு! குயில் வேறு குடும்பம். உலகில் இப்படிச் சுமார் 5,000 இனங்கள் இருக்கின்றன, மொத்தப் பறவை இனங்களில் ஏறக்குறைய பாதி.

பைனாகுலரை வைத்துப் பார்த்தாலே தெரியாதா?

கொஞ்சம் தெரியும். எது கண்ணில் படுகிறதோ அது மட்டும் தெரியும். சிக்கலே அங்கேதான்.

பட்டாணிக்குருவியின் எடை சுமார் 18 கிராம். கிளை நுனியில் தலைகீழாகத் தொங்கி, இலையின் அடியில் எதையோ கொத்தி, நாம் குவியம் சரிசெய்வதற்குள் அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். அது எடுத்தது புழுவா, முட்டையா, சிலந்தியா, வெறும் இலைத் துணுக்கா? நாம் எழுதி வைப்பது பெரிய இரையையும் மெதுவாகத் தின்னும் இரையையும் மட்டும்தான். நெல்மணியைக் கொத்தும் குருவி வெட்டவெளியில் நிற்கும், புழு பிடிக்கும் குருவி இலைக்குள் மறைந்துகொள்ளும். ஆகவே குருவி என்றால் தானியம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

எங்கள் வீட்டு வாசலில் துணிக்கொடிக் கயிற்றின் முனையில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. குஞ்சு பொரித்த பிறகு தாய் தேன் கொண்டுவந்து ஊட்டும் என்று நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வந்த நடைகளில் நான் தெளிவாகப் பார்க்க முடிந்ததெல்லாம் சிலந்தி. ஒரு தடவை கால்கள் அலகுக்கு வெளியே மீசை போல நீட்டிக்கொண்டிருந்தன. பேரே தேன்சிட்டு, ஆனால் பிள்ளைக்குப் புரதம் வேண்டுமே. மற்ற நடைகளில் அலகு மூடியிருந்தது. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள்?

சுட்டு, வயிற்றைக் கிழித்து எண்ணினார்கள். மழுப்பாமல் சொல்வதே நல்லது. அமெரிக்க வேளாண் துறை 1885இல் இதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. எந்தப் பறவை விவசாயிக்கு நண்பன், எது எதிரி என்று பட்டியல் போடுவதுதான் அதன் வேலை. இந்தியாவில் பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மேசனும் மேக்ஸ்வெல் லெஃப்ராயும் இதையே செய்து, 1912இல் இந்தியப் பறவைகளின் உணவு பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். லெஃப்ராய் பூச்சியியலாளர். பறவை வயிற்றில் கிடைத்த பூச்சித் துண்டுகளை அடையாளம் காண அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

இந்தக் கணக்குக்கு எவ்வளவு மதிப்பு என்பது சீனாவில் தெரிந்தது. 1958இல் எலி, ஈ, கொசுவோடு சிட்டுக்குருவியையும் சேர்த்து நான்கு பீடைகள் என்று அறிவித்து, தானியம் தின்கிறது என்று குருவிகளை ஊரோடு விரட்டிக் கொன்றார்கள். பறவையியலாளர் செங் சுவோஷின் குருவிகளின் வயிற்றை ஆராய்ந்து, குஞ்சு வளர்க்கும் பருவத்தில் அவை ஏராளமாகப் பூச்சி தின்கின்றன என்று காட்டினார். 1960இல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதற்குள் நிறையக் குருவிகள் போய்விட்டன.

வயிற்றைப் பார்ப்பதிலும் ஓட்டை உண்டு. வண்டின் கெட்டியான மேலிறகு வயிற்றில் நெடுநேரம் கிடக்கும், மெத்தென்ற புழு சீக்கிரம் கரைந்துவிடும். கணக்கில் வண்டு ஏறும், புழு இறங்கும்.

கொல்லாமல் பார்க்க வழியே இல்லையா?

பல வழிகளை முயன்று பார்த்தார்கள். கூட்டிலிருக்கும் குஞ்சின் கழுத்தில் நூலையோ மெல்லிய கம்பியையோ தளர்வாகச் சுற்றி, மூச்சு விடலாம் விழுங்க முடியாது என்ற அளவில் வைத்து, தாய் ஊட்டியதைத் தொண்டையிலிருந்து எடுப்பது ஒன்று. இரை முழுசாகக் கிடைக்கும். குஞ்சு பட்டினி கிடக்கும், சுற்று இறுகினால் ஆபத்து. வாந்தி மருந்து கொடுப்பது இன்னொன்று. ஆன்டிமனி கலந்த ஒரு உப்பைக் கொடுத்தார்கள், அதில் சில பறவைகள் செத்தன. என்னைக் கேட்டால், இந்த இரண்டையும் இன்று தொடவே வேண்டியதில்லை.

கூட்டுப் பெட்டிக்குள் கேமரா வைப்பது நல்ல முறை. தாய் நுழையும் கணத்தில் அலகில் இருப்பது பதிவாகும். இரையின் அளவும் எத்தனை நடை என்பதும் இதில்தான் சரியாகக் கிடைக்கும். குஞ்சு வளரும் உச்ச நாட்களில் பட்டாணிக்குருவி ஜோடி ஒரு நாளைக்குப் பல நூறு நடை நடக்கும். ஆனால் கேமரா குஞ்சின் சாப்பாட்டைத்தான் காட்டும். தாய் தகப்பன் தங்களுக்கென்று என்ன தின்றன என்பது அதில் வராது.

சரி, எச்சத்தை எப்படிப் பிடிக்கிறார்கள்? பின்னாலேயே ஓடுவார்களா?

ஓட வேண்டாம், குஞ்சிடம் கேட்டால் கையிலேயே தரும்! கூட்டுக் குஞ்சின் எச்சம் ஒரு வழவழப்பான வெள்ளைச் சவ்வுப் பையில் கட்டிக்கொண்டு வரும். இரை ஊட்டியதும் குஞ்சு பின்பக்கத்தைத் தூக்கும், தாய் அந்தப் பையை அலகில் கவ்விக் கொண்டுபோய்த் தூரத்தில் போடும். கூடு நாறாது, எதிரிக்கும் வாசனை போகாது. எடை பார்க்கவோ காலில் வளையம் போடவோ குஞ்சைக் கையில் எடுத்தால் பெரும்பாலும் ஒரு பை நம் கைக்கு வந்துவிடும். உளுந்துக் கொட்டை அளவில், ஒரு முனை கருப்பாக, மீதி வெள்ளையாக இருக்கும். இடுக்கியால் எடுத்துச் சிறு குப்பியில் போட்டு, சாராயத்தில் ஊறவைத்து, குளிர்பெட்டியில் வைத்துவிடலாம்.

வளர்ந்த பறவை என்றால் மெல்லிய வலையில் பிடித்து, சுத்தமான துணி அல்லது காகிதப் பையில் சில நிமிடம் வைப்பார்கள். பயத்தில் அதுவே எச்சமிடும். ஒரு பைக்கு ஒரு பறவை என்பது கறாரான விதி. முந்தைய பறவையின் மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்ததன் சாப்பாட்டுப் பட்டியல் கெட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்காட்லாந்தில் செய்தது. எடின்பரோவிலிருந்து வடக்கே டோர்னாக் வரை 220 கி.மீ. தூரத்தில் 40 காட்டுப் பகுதிகளில் பெட்டிகள் மாட்டியிருந்தார்கள். வசந்தத்தின் தொடக்கத்தில், முட்டையிடும் முன்பே, நீலப் பட்டாணிக்குருவிகள் இரவில் அந்தப் பெட்டிகளில் தூங்க வரும். பெட்டியின் அடியில் தாள் விரித்துவிட்டால், காலையில் பறவை கிளம்பிப் போன பிறகு எச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். பறவையைத் தொடவே இல்லை.

எச்சத்தில் என்ன தெரியும்? எல்லாம் கூழ்தானே?

கூழ் இல்லை. தண்ணீரில் கரைத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் ஒரு பழைய இரும்புக் கடை போல இருக்கும். புழுவின் தாடைகள், பல் பல்லாகக் கருத்த இரண்டு சின்னக் கரண்டிகள். சிலந்தியின் நச்சுக்கொடுக்கு, வளைந்த ஊசி. எறும்பின் தலை அப்படியே முழுசாக. அந்துப்பூச்சியின் சிறகுச் செதில்கள். தாடைகளை ஜோடி சேர்த்தால் எத்தனை புழு என்று சொல்லலாம், நீளத்தை அளந்தால் புழு எவ்வளவு பெரியது என்றும் கணிக்கலாம். எந்த இனப் புழு என்று சொல்வதுதான் கஷ்டம். அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் காட்டின் பூச்சிகளை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்க வேண்டும். கண்ணும் கழுத்தும் வலிக்கிற வேலை.

டிஎன்ஏ முறை என்கிறார்களே, அது என்ன?

தின்ற பூச்சியின் டிஎன்ஏ துண்டு துண்டாக எச்சத்தில் தங்கியிருக்கும். விலங்குகளின் உயிரணுவில் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு உண்டு, அதிலுள்ள ஒரு மரபணு இனத்துக்கு இனம் சற்று மாறும். அதைக் கடையில் பொருளின் மேல் ஒட்டும் பட்டைக்குறி (பார்கோடு) போலப் பயன்படுத்தலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்தார். அந்தக் குறி சுமார் 650 டிஎன்ஏ எழுத்து நீளம். செரித்துப் போன எச்சத்தில் அவ்வளவு நீளம் உருப்படியாகக் கிடைக்காது. அதனால் அதற்குள் குட்டியான ஒரு பகுதியை மட்டும் பிசிஆர் முறையில் கோடிக்கணக்கில் படியெடுத்து, எழுத்துகளை வாசித்து, உலகப் பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, இது இன்ன அந்துப்பூச்சி, இது இன்ன அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி) என்று பெயர் போடுகிறார்கள்.

ஒரு சின்னத் தொல்லை: எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம், அதாவது பறவையின் சிறுநீர். பறவை எச்சத்தில் பிசிஆர் வேலை பல சமயம் மக்கர் பண்ணுவதற்கு இது ஒரு காரணம். கருத்த பகுதியைப் பார்த்துக் கிள்ளி எடுப்பவர்கள் உண்டு.

அப்படியானால் டிஎன்ஏ இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாமா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

டிஎன்ஏ பெயரைச் சொல்லும், வயதைச் சொல்லாது. புழுவாகத் தின்றதா, பறக்கும் அந்துப்பூச்சியாகத் தின்றதா, முட்டையாகத் தின்றதா? மூன்றுக்கும் ஒரே குறிதான். எத்தனை என்றும் உறுதியாகச் சொல்லாது. ஆய்வகத்தில் ஒரு பூச்சியின் துண்டு ஆயிரம் முறை வாசிக்கப்பட்டது, இன்னொன்று பத்து முறை என்றால், முதலாவதை நூறு மடங்கு தின்றது என்று அர்த்தமில்லை. சில பூச்சிகளின் டிஎன்ஏ எளிதில் படியெடுக்கப்படும், சிலது அடம் பிடிக்கும். அதனால்தான் பல ஆய்வாளர்கள் எத்தனை எச்சங்களில் இந்தப் பெயர் தென்பட்டது என்று மட்டும் கணக்கிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அப்புறம், குருவி சிலந்தியைத் தின்கிறது, அந்தச் சிலந்தி காலையில் ஒரு ஈயைத் தின்றிருந்தது. பட்டியலில் ஈயும் வரும். இலையோடு சேர்த்து விழுங்கிய அசுவினியும் வரும். தரவுத்தளத்தில் இல்லாத பூச்சிக்குப் பெயரே கிடைக்காது. ஐரோப்பாவில் இது சின்னக் குறை. பூச்சிகளில் பெரும்பங்கு இன்னும் பெயர்கூட வைக்கப்படாத வெப்பமண்டலக் காடுகளில் பெரிய குறை.

பெயருக்கு டிஎன்ஏ, எண்ணிக்கைக்கும் அளவுக்கும் கேமரா, எங்கே எப்படிப் பிடித்தது என்பதற்குக் கண். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சாப்பாடு முழுசாகத் தெரியும்.

இறகைப் பார்த்தும் சொல்லலாமாமே?

ஓரளவுக்கு. எச்சம் சொல்வது கடைசி ஓரிரு மணி நேரக் கதை. இறகு சொல்வது அது முளைத்த வாரங்களின் கதை. சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு இவற்றில் கனமான கார்பனின் (அணு எடை சற்றுக் கூடிய கார்பன் வகை) விகிதம் நெல், கோதுமையைவிடக் கூடுதல். அதைத் தின்ற பூச்சிக்கும், பூச்சியைத் தின்ற பறவைக்கும் அந்த விகிதம் தொடர்ந்து போகும். கனமான நைட்ரஜனோ உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படிக்கும் ஆயிரத்துக்கு மூன்று போல ஏறும். ஆக, இந்தப் பறவை விதை தின்றதா பூச்சி தின்றதா என்று தோராயமாகச் சொல்லலாம். எந்தப் பூச்சி என்று கேட்டால் இறகு வாய் திறக்காது.

இவ்வளவு பாடுபட்டு என்னதான் தெரிந்தது?

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காடு. 1947இல் பறவையியலாளர் டேவிட் லாக் அங்கே பட்டாணிக்குருவிகளை ஆராயத் தொடங்கினார், இன்றும் தொடர்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கூட்டுப் பெட்டிகள் உண்டு. அங்கே குஞ்சுகளின் முக்கியச் சாப்பாடு ஓக் மரத்துப் பச்சைப் புழு, குறிப்பாகக் குளிர்கால அந்துப்பூச்சியின் புழு. ஓக் தளிர்க்கும்போது முட்டை பொரியும், இளம் இலையைத் தின்று கொழுக்கும், சில வாரத்தில் நூல் விட்டு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். குஞ்சுகளின் பெரும்பசி அந்தச் சில வாரத்துக்குள் விழ வேண்டும். பந்தி முடிந்த பிறகு வந்தால் இலைதான் மிச்சம்.

வசந்தம் சூடாகச் சூடாகத் தளிரும் புழுவும் முந்திக்கொண்டன. வைத்தம் குருவிகளும் 1961க்குப் பிறகு சுமார் அரை நூற்றாண்டில் முட்டையிடுவதை ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னே தள்ளிச் சமாளித்துவிட்டன. நெதர்லாந்தின் ஹோகே வெலுவே காட்டுக் குருவிகள் அந்த அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை என்று மார்செல் விஸ்ஸர் குழு 1998இல் காட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும் ஒரு கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் பாடு இன்னும் மோசம். ஐரோப்பாவில் ஓக் எப்போது தளிர்க்கிறது என்று அங்கிருந்து அதற்கு எப்படித் தெரியும்? புழு மிகவும் முந்திப்போன டச்சுக் காடுகளில் இரண்டு பத்தாண்டுகளில் அதன் எண்ணிக்கை சுமார் 90 சதவீதம் சரிந்ததாகக் கிறிஸ்டியான் போட் குழு 2006இல் எழுதியது.

சிலந்திக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. புழு மலிந்து கிடக்கும்போதும் பிறந்து ஐந்தாறு நாளான குஞ்சுகளுக்குத் தாய் தேடித் தேடிச் சிலந்தி ஊட்டுகிறது. சிலந்தியில் டாரின் என்ற சத்து மிக அதிகம். நீலப் பட்டாணிக்குருவிக் குஞ்சுகளுக்கு அதைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தபோது, வளர்ந்த பின் அவை துணிச்சலிலும் இடத்தை நினைவில் வைப்பதிலும் மேலாக இருந்தன.

பட்டாணிக்குருவி சின்ன நத்தையும் தின்னும். இதன் முக்கியத்துவம் தெரிய வந்தது ஓர் அவலத்தின் வழியே. நெதர்லாந்தில் அமில மழையால் மண்ணில் சுண்ணாம்பு குறைந்து நத்தைகள் அருகின. குருவிகளின் முட்டை ஓடு மெலிந்து உடைந்தது. நாளுக்கு ஒன்றாக எட்டு, ஒன்பது முட்டை இடும் பறவை அது, அத்தனைக்கும் வேண்டிய சுண்ணாம்பு அதன் எலும்பில் இல்லை. அன்றன்றைக்குத் தின்றாக வேண்டும். 1994இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில குருவிகளின் முட்டை மட்டும் நன்றாக இருந்தது. அவை மனிதர்கள் போட்ட முட்டை ஓட்டையும் கோழிக்கு வைத்த கிளிஞ்சல் தூளையும் தேடித் தின்றவை.

ஸ்காட்லாந்துப் பெட்டிகளில் விரித்த தாளுக்கு வருவோம். பிர்ச் மரத்தில் தொங்கும் பூச்சரத்தைக் குருவிகள் வசந்தத்தின் தொடக்கத்தில் குடைவதைப் பார்த்து, பூவைத்தான் தின்கின்றன போலிருக்கிறது என்று யாரும் நினைக்கலாம். எச்சத்தில் அதிகம் தென்பட்டது, அந்தப் பூச்சரத்துக்குள் புழுவாக ஒளிந்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு அந்துப்பூச்சி.

வீட்டில் அரிசியும் கடலையும் வைக்கிறோம். நல்லதா, கெட்டதா?

அதே ஸ்காட்லாந்து எச்சங்களில் இன்னொன்றும் ஏராளமாக இருந்தது: நிலக்கடலை! வீட்டுத் தோட்டத் தட்டிலிருந்து வந்தது. அருகிலுள்ள வீட்டிலிருந்து 1.4 கி.மீ. தள்ளிக் காட்டுக்குள் இருந்த குருவியும் அதைத் தின்றிருந்தது. தட்டு கிடைத்த பறவைகள் சில நாள் முன்பே முட்டையிட்டன. கிடைக்காத இனங்கள் இதனால் பின்தங்கிப் போகின்றனவா என்ற கவலையும் அங்கே எழுந்திருக்கிறது.

நம் சிட்டுக்குருவிக்கு அரிசி வையுங்கள், தப்பில்லை. ஆனால் முதல் சில நாட்களில் குஞ்சுக்கு வேண்டியது அரிசி இல்லை, பூச்சி. மருந்தடித்துத் துடைத்த தோட்டத்தில் மூன்று வேளையும் அரிசி வைத்தாலும் குஞ்சு தேறாது. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத் தோட்டங்களில் கரோலைனா சிக்கடி என்ற குருவியை ஆராய்ந்து 2018இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: தோட்டத்துச் செடிகளில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் அந்த மண்ணுக்குரியவையாக இருந்தால்தான் குருவியின் எண்ணிக்கை தாக்குப்பிடிக்கும். வெளிநாட்டு அலங்காரச் செடியின் இலையைத் தின்ன அந்த ஊர்ப் புழுவுக்குத் தெரியாது. அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த நான் தயாரில்லை. ஆனால் கறிவேப்பிலைச் செடியில் புழு வந்தால் உடனே மருந்து தேடாமல் ஒரு வாரம் பொறுக்கலாம்.

நானும் செய்து பார்க்கலாமா?

பார்த்து எழுதலாம். காட்டுப் பறவையைப் பிடிப்பதும் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆய்வுக்கு என்றாலும் அனுமதி வாங்க வேண்டும். முறையாகக் கற்க விரும்பும் மாணவர்களுக்குக் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது.

மற்றவர்களுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். பறவை, நேரம், மரம், உயரம், அலகில் என்ன என்று ஐந்து கட்டம் போடுங்கள். தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள், அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அலகின் நீளத்தோடு இரையை ஒப்பிடுங்கள்: அலகில் பாதி, ஒரு அலகு, இரண்டு அலகு. கூட்டிலிருந்து எட்டி நின்றே பாருங்கள். தாய் இரையோடு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தால், நீங்கள் நிற்குமிடம் சரியில்லை.

என் காரின் மேல் தினமும் எச்சம் விழுகிறது. யாருக்காவது ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். யார் போட்டது என்று தெரியாது, வெயில் பட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும், காற்றில் வந்த தூசியும் அதன்மேல் ஊரும் எறும்பும் பட்டியலில் ஏறிக்கொள்ளும். சீக்கிரம் கழுவிவிடுங்கள், ஊறினால் பெயிண்ட் போய்விடும்.